பிள்ளை நம்மிடம் வாய் திறந்தால்: கேட்பது, எழுதுவது, யாரிடம் சொல்வது

“மிஸ், ஒண்ணு சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

ஆசிரியரோ, டியூஷன் எடுப்பவரோ, சித்தியோ, தாத்தாவோ, யாருக்கும் ஒரு நாள் இந்த வரி வந்து சேரலாம். வரும்போது பெரும்பாலும் நாம் வேறு வேலையில் இருப்போம். விடைத்தாள் கட்டு கையில் இருக்கும், அடுத்த வகுப்புக்கு மணி அடித்திருக்கும். யோசிக்க நேரம் கிடைக்காது. என்ன பேசுவது, யாரிடம் போவது என்று முன்பே தெரிந்து வைத்திருந்தால்தான் அந்த நிமிடத்தைச் சமாளிக்க முடியும்.

பள்ளிகளும் குடும்பங்களும் இதில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தெரிய வேண்டிய ஒருவருக்குத் தெரியாமல் மூடி வைப்பார்கள். தெரியத் தேவையில்லாத பத்துப் பேருக்கு அது தெரிந்திருக்கும். காவல் துறைக்கோ குழந்தைகள் நல அமைப்புக்கோ தகவல் போயிருக்காது, ஆனால் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே சொல்லும் படிகள் இந்தக் கோளாறைத் தலைகீழாக்குவதற்கானவை.

படி 1: எந்த மாதிரித் தகவல் என்று பாருங்கள்

பிள்ளை சொல்லும் எல்லாமே புகாராகப் போக வேண்டியதில்லை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, பெற்றோர் பிரியப்போகிறார்கள், அண்ணன் மனநல மருந்து சாப்பிடுகிறான், தான் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை என்பதெல்லாம் அந்தரங்கம். அது படிப்பைப் பாதிக்கிறது என்றால், பிள்ளையையும் வீட்டாரையும் கேட்டுக்கொண்டு, உதவக்கூடியவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்லலாம். கட்டணத்துக்கு அவகாசம் வாங்கித் தர வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்ற மூன்று சொல் போதும். விவாகரத்து வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கணக்காளருக்கு எதற்கு?

பிள்ளையின் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் கதை வேறு. அடி, பாலியல் சீண்டல், பட்டினி போடுதல், குழந்தைத் திருமணப் பேச்சு, தற்கொலை எண்ணம், படத்தை வைத்து இணையத்தில் மிரட்டுவது எல்லாம் இதில் அடங்கும். இங்கே பிள்ளை வேண்டாம் என்று சொன்னாலும் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் தெளிவில்லாத ஒரு வகை உண்டு. திடீரென்று வகுப்பில் தூங்குகிறான், ஒரு குறிப்பிட்ட ஆள் அழைத்துப் போக வந்தால் மட்டும் பை எடுக்கத் தாமதிக்கிறாள். ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் தேதி போட்டுக் குறித்து, பள்ளியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். தமிழாசிரியர் ஒன்றைப் பார்த்திருப்பார், விளையாட்டு ஆசிரியர் வேறொன்றைப் பார்த்திருப்பார். தனித்தனியாக ஒன்றுமில்லாததுபோல் தெரிவது ஒரே கோப்பில் சேரும்போதுதான் அர்த்தப்படும்.

படி 2: சத்தியம் பண்ணாதீர்கள்

“சரிம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அப்புறம் சொன்னால், அந்தப் பிள்ளை பெரியவர்களை நம்புவதை விட்டுவிடும். சொல்லாமல் இருந்தால் ஆபத்து தொடரும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்தான். அதனால் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்:

“நீ சொல்றதை ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஏதாவது ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்தக்கூடிய ஓரிரண்டு பேர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்.”

இதைக் கேட்டுப் பிள்ளை பேச்சை நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும், துரத்தாதீர்கள். “எப்ப வேணும்னாலும் வா” என்று சொல்லிவிட்டு, தயங்கி நின்றதைக் குறித்து வையுங்கள். ஏமாற்றாத ஆளிடம் பிள்ளை திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

படி 3: கேளுங்கள், விசாரிக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நல்ல மனதோடு கேட்கும் தவறான கேள்வி, உண்மையான புகாரையே உடைத்துவிடும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983-ல் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு இதற்குப் பெரிய பாடம். அங்கே வேலை செய்தவர்கள் குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. குழந்தைகளிடம் பதிலை உள்ளே வைத்த கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்” என்றார்கள். வழக்கு 1990 வரை நீண்டு, யாருக்கும் தண்டனை கிடைக்காமல் முடிந்தது. எது நடந்தது, எது கேள்வியால் முளைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழந்தையின் நினைவு கேள்விக்கு ஏற்ப எப்படி வளைகிறது என்ற ஆராய்ச்சி அதன் பிறகு வேகம் பிடித்தது. இன்று பல நாடுகளில் பயிற்சி பெற்ற அலுவலர்கள் திறந்த கேள்விகளை மையமாக வைத்த நேர்காணல் முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஐஸ்லாந்தில் 1998-ல் தொடங்கிய ‘பார்னாஹூஸ்’ என்ற குழந்தைகள் இல்லம், காவல், மருத்துவம், சமூகப் பணி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. குழந்தை ஒரே கதையை ஆறு இடத்தில் சொல்லித் தவிக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

நம் அளவில் இது இப்படி இருக்கும்:

“நேத்து அந்த மாமா திரும்பவும் வந்தாரு.”

“ம்.”

“எனக்கு அவர் வந்தா பிடிக்கல.”

“அதைப் பத்திச் சொல்லு.”

“அம்மா கடைக்குப் போனதும் கதவைச் சாத்திடுவாரு.”

“சாத்தினப்புறம் என்ன நடந்துச்சு?”

இந்தப் பெரியவர் ஒரு சொல்லைக்கூடத் தன் பக்கத்திலிருந்து சேர்க்கவில்லை. ‘மாமா’, ‘கதவு’, ‘சாத்துவது’ எல்லாம் பிள்ளையின் வாயிலிருந்து வந்தவை. இதே இடத்தில் “உன்னைத் தொட்டாரா? எங்கே தொட்டார்?” என்று பாய்ந்திருந்தால், பிள்ளை தலையாட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தலையாட்டலை நம்பி யாராலும் வழக்கு நடத்த முடியாது.

‘ஏன்’ என்ற கேள்வியை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். “ஏன் அப்பவே சொல்லல?”, “ஏன் அங்கே போனே?” இரண்டும் பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். அதைப் பார்த்துப் பிள்ளை மீதியை விழுங்கிவிடும். செய்தவரைத் திட்டவும் வேண்டாம். அந்த ஆள் பிள்ளைக்குப் பிடித்த ஆளாகவும் இருக்கலாம்.

எவ்வளவு தெரிந்தால் போதும்? யார், தோராயமாக என்ன, இன்றிரவு பிள்ளை எங்கே தூங்கும், அங்கே பாதுகாப்பு உண்டா. இவ்வளவு தெரிந்ததும் நிறுத்திவிடலாம். மீதியைக் கேட்பது பயிற்சி பெற்றவரின் வேலை. முடிக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை, அடுத்து நான் இன்னாரிடம் பேசப்போகிறேன். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

படி 4: அன்றே எழுதுங்கள்

பிள்ளை பேசும்போது எழுத வேண்டாம். போன பிறகு, அதே நாளில், முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே எழுதுங்கள். மோசமான குறிப்பு இப்படி இருக்கும்: ‘மாணவி தன் மாமாவால் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகத் தெரிகிறது. மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறாள்.’ படிக்க அலுவல்பூர்வமாக இருக்கிறது, ஆனால் இதில் மாணவியின் சொல் ஒன்றுகூட இல்லை.

நல்ல குறிப்பு இப்படி: ‘பிற்பகல் 3.40. நூலகம். நானும் மாணவியும் மட்டும். அவளாகவே வந்து பேசினாள். சொன்னது: “அம்மா கடைக்குப் போனதும் கதவைச் சாத்திடுவாரு.” நான் கேட்டது: “சாத்தினப்புறம் என்ன நடந்துச்சு?” பதில் சொல்லவில்லை. சுமார் ஒரு நிமிடம் பை வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு: “பஸ் வந்திடும்” என்றாள். 3.55-க்குக் கிளம்பினாள்.’

பிள்ளை உடலுறுப்புக்கு வீட்டுப் பேச்சுச் சொல்லைப் பயன்படுத்தினால் அதையே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள். உங்கள் கேள்விகளையும் எழுதுங்கள்; பின்னால் யாராவது ‘ஆசிரியர்தான் சொல்லிக்கொடுத்தார்’ என்றால் உங்களையும் பிள்ளையையும் காப்பாற்றுவது அதுதான். உங்கள் கருத்தை எழுதியே ஆக வேண்டுமென்றால் கீழே தனியாக, ‘என் கருத்து’ என்று தலைப்பிட்டு எழுதுங்கள். பெயர், கையெழுத்து, தேதி, நேரம் போடுங்கள்.

காயத்தைப் படம் எடுக்காதீர்கள். உடலின் எந்தப் பக்கம், தோராயமாக எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று எழுதினால் போதும். குறிப்பு சொந்த போனில் இருக்கக் கூடாது. வகுப்புப் பதிவேட்டிலோ வழக்கமான மாணவர் கோப்பிலோ வைக்காமல், பூட்டிய தனிக் கோப்பில் வையுங்கள். யார் எப்போது எடுத்துப் பார்த்தார்கள் என்பதும் அதில் பதிவாக வேண்டும்.

படி 5: சரியான ஒருவரிடம் கொண்டு சேருங்கள்

குழந்தைக்கு நேரும் கொடுமையைத் தெரிவிப்பது சட்டக் கடமை என்ற எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், அடிபட்ட குழந்தைகளின் காயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே, 1967-க்குள், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தெரிவிக்கும் சட்டம் வந்துவிட்டது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-ஆம் பிரிவு பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, 16-ஆம் பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது, 19-ஆம் பிரிவு வன்முறையிலிருந்து காக்கச் சொல்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும் இடத்தில்தான் ஆசிரியர் நிற்கிறார்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு: 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ‘முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரித்துக்கொள்கிறோம்’ என்று பள்ளி சொல்வதற்கு இதில் இடம் இல்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வராது என்பதையும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் தெரிவித்தாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்களே தெரிவியுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: சந்தேகம் வந்தவரே நேரடியாகக் குழந்தைகள் நல அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும், வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பக் கூடாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கென்றே நியமிக்கப்பட்ட பாதுகாப்புப் பொறுப்பாளர் இருப்பார். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோரைக் குறிப்பிட்டே கட்டாயப்படுத்துகிறது.

தொலைபேசி எண்கள்: இந்தியா 1098, இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929, மலேசியா 15999, சிங்கப்பூர் 1800-777-0000, பிரிட்டனின் சைல்டுலைன் 0800 1111. இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சட்டத்தில் எனக்கு உறுத்தும் ஓர் இடம் உண்டு. 17 வயதுப் பெண் தன் வயதுப் பையனோடு மனமொத்து நெருங்கியதைச் சொன்னாலும் அது இதே வலைக்குள்தான் வருகிறது. அதற்குப் பயந்து பிள்ளைகள் மருத்துவரிடம்கூட வாய் திறப்பதில்லை. ஓர் ஆசிரியரால் சட்டத்தை மாற்ற முடியாது. அவரால் முடிந்தது, எதைச் சொன்னால் அது தன்னோடு நிற்காது என்பதை வளரிளம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே, வகுப்பிலேயே பொதுவாகச் சொல்லி வைப்பது.

படி 6: பெற்றோரிடம் எப்போது சொல்வது

வழக்கமாகப் பெற்றோரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அல்லது சொன்னால் பிள்ளைக்கு அடி விழும், சாட்சியம் அழியும், பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், முதலில் அதிகாரிகளிடம் போய், வீட்டுக்கு எப்போது யார் சொல்வது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பாதுகாப்பானவர் என்றால் அவரைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். பொதுவான வீட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது ஆபத்து, அதை யார் படிப்பார்கள் என்று தெரியாது.

படி 7: காத்திருக்க முடியாதவை

பாலியல் வன்முறை சமீபத்தில் நடந்திருந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்க வேண்டும். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். இந்தியாவில் அவசரச் சிகிச்சைக்கு முன்னால் காவல் துறைக் கடிதம் கொண்டு வா என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. போக்சோ விதிகளிலேயே இது இருக்கிறது.

படமோ காணொலியோ பரவுகிறது என்றால், ‘ஆதாரத்துக்காக’ என்று அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறாரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் பல நாடுகளில் குற்றம், எண்ணம் நல்லதாக இருந்தாலும் சிக்கல்தான். எந்தச் செயலி, எந்தக் கணக்கு, எந்த நேரம் என்று எழுதிக்கொண்டு, போனை அப்படியே காவல் துறையிடம் கொடுங்கள். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, கைரேகை மாதிரி அந்தப் படத்துக்கு மட்டுமே உரிய டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அதைக் கண்டுபிடித்து நீக்க உதவுகிறது.

தற்கொலை எண்ணம் என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘ஆமாம்’ என்றால், பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் மாத்திரை, பூச்சி மருந்து, கூரிய பொருள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

படி 8: மற்றவர்களிடம் வாயை மூடுங்கள்

வகுப்பாசிரியருக்கு இவ்வளவு போதும்: ‘இவள் வெளியே போக அனுமதி கேட்டால் காரணம் கேட்காமல் விடுங்கள்.’ வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போடாமல் ‘8-ஆம் வகுப்பு, புதிதாகச் சேர்ந்த மாணவி’ என்று எழுதுவதும் பெயர் போடுவதும் ஒன்றுதான். இந்தியாவில் போக்சோ 23-ஆம் பிரிவு பெயரை மட்டுமல்ல, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. பத்திரிகையாளர் போன் செய்தால் பள்ளிக்கு ஒரே பதில்தான்: இதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ‘அந்த மாணவி ஏற்கெனவே பிரச்சினைக்குரியவர்’ என்று தற்காப்புக்காகக் கசிய விடுவது, என்னைக் கேட்டால், மறைப்பதைவிடக் கேவலம்.

படி 9: வீட்டுக்குள்ளேயே நடந்தால்

பிள்ளை சொன்னது சித்தியிடம், குற்றம் சாட்டப்படுபவர் சித்தப்பாவின் தம்பி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்காவது நடைமுறை என்று ஒன்று உண்டு, குடும்பத்துக்கு அதுவும் கிடையாது. முதலில் வருவது “குடும்ப மானம்”, அடுத்து “அவளுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?”, கடைசியில் “இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுவோம்”. இந்த மூன்றாவதை நடக்கவே விடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரில் பிள்ளையை உட்கார வைத்தால் அது பேசாது, அந்த மௌனத்தையே ‘பொய்’ என்று தீர்ப்பாக எழுதிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: அந்த ஆளை வீட்டிலிருந்து விலக்குங்கள், பிள்ளையை அல்ல. பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால், சொன்னதற்குத் தண்டனை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். உறவினர்களில் யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். உடன்பிறந்தவர்களும் அதே ஆளோடு தனியாக இருந்திருக்கிறார்களா என்பதை அதிகாரியிடம் சொல்லுங்கள், நீங்களே அவர்களை வரிசையாக நிறுத்திக் கேட்காதீர்கள்.

படி 10: தெரிவித்த பிறகு

யாரிடம், எந்தத் தேதியில், எந்த நேரத்தில் தெரிவித்தீர்கள், அவருடைய பதவி என்ன, புகார் எண் என்ன என்பதை அதே கோப்பில் எழுதுங்கள். சில நாளில் அசைவில்லை என்றால் எழுத்து மூலமாக நினைவூட்டுங்கள், அதற்கும் பதிலில்லை என்றால் அதற்கு மேலிருப்பவருக்கு எழுதுங்கள்.

பிள்ளை பின்வாங்கலாம். “நான் சும்மா சொன்னேன்” என்று சொல்லலாம். அமெரிக்காவில் 257 பாலியல் வன்முறை வழக்குகளைப் பார்த்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 23 சதவீதம் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் சொன்னதை மறுத்திருந்தார்கள். வயதில் சிறியவர்கள், பெற்றோர் நிலையில் இருப்பவர்மீது சொன்னவர்கள், குற்றத்தில் சம்பந்தப்படாத பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்கள்தான் அதிகம் மறுத்தார்கள். அதனால் மறுப்பைக் கேட்டதும் கோப்பை மூடாதீர்கள். மறுத்ததையும் அதே மாதிரி, அதே சொற்களில், தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொன்னது உண்மையா, மறுத்தது உண்மையா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை.

அப்புறம் மறுநாள் பிள்ளை வகுப்புக்கு வரும். தனியாக அழைத்து “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்க வேண்டாம். வழக்கம்போல வீட்டுப்பாடம் கேளுங்கள், வழக்கம்போலப் பேசுங்கள். ஆனால் அன்று சொன்னபடி, யாரிடம் சொன்னீர்கள், அடுத்து அவளிடம் பேச யார் வருவார்கள் என்ற தகவலை மட்டும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.